37 வருடக் காத்திருப்பு

(ஆரணியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், 2025 செப்டம்பர் இறுதியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சென்னை சூப்பர் கிங்ஸைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பிகளே, உங்கள் அணி ஐந்து முறை கோப்பை வாங்கிவிட்டது. அதைக் கொண்டாட ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. கொண்டாட ஆளில்லாமல் நிற்கிற இன்னோர் அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏலத்தில் எடுத்த அணி இல்லை அது. நம் மாநிலத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிற தமிழ்நாடு ரஞ்சி அணி. வருகிற அக்டோபர் 15-ந் தேதி கோயம்புத்தூரில் ஜார்க்கண்டை எதிர்த்து அதன் புதிய சீசன் தொடங்குகிறது. இந்த முறையாவது கோப்பை வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். ஏன் இவ்வளவு ஆசை, அது நடக்க என்ன வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ரஞ்சிப் போட்டியைப் பார்த்தே இராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. லீக் ஆட்டம் நான்கு நாள். காலிறுதியிலிருந்து ஐந்து நாள். முழுமையாக ஜெயித்தால் 6 புள்ளி. இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் இன்னும் ஒன்று கூடுதல். ஆட்டம் டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கு 3, பிந்திய அணிக்கு 1. நாக்-அவுட்டில் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்தியவர்தான் மேலே போவார். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் கண்ணீரில் பாதி அதிலிருந்து வந்தது.

இந்தப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்த இடமே நம் சேப்பாக்கம்தான். 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன்னில் சுருண்டது, மெட்ராஸ் 130 எடுத்தது, மைசூர் திரும்ப ஆடி 59-ல் முடிந்தது. ஆட்டம் அன்றைக்கே முடிந்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் என்ற இடதுகைச் சுழல் வீரர் அந்த ஒரே நாளில் 11 விக்கெட் எடுத்தார். இப்படித் தொடங்கியவர்கள் நாம்! அப்புறம் என்ன ஆயிற்று?

இந்த 90 வருடத்தில் கோப்பை நம் கைக்கு வந்தது இரண்டே முறை. மும்பை 42 முறை வாங்கியிருக்கிறது. பக்கத்து கர்நாடகம் 8 முறை. நாம் இறுதிப் போட்டிக்குப் போகாமல் இல்லை. 12 முறை போனோம், 10 முறை வெறுங்கையோடு திரும்பினோம். அந்த 10-ஐத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முதல் வெற்றி 1954-55-ல். ஹோல்கர் அணியை அவர்கள் ஊரான இந்தூரிலேயே சந்தித்தோம். பாலு அழகண்ணன் கேப்டன். முன்னே சொன்ன ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் அந்த ஆட்டத்தில் 75-ம் 91-ம் அடித்தார், ஏழு விக்கெட்டும் எடுத்தார். மெட்ராஸ் 478, ஹோல்கர் 417, மெட்ராஸ் 311, ஹோல்கர் 326. எதிராளியின் மண்ணில் 46 ரன்னில் ஜெயித்தோம். அந்த நான்கு எண்களைப் பாருங்கள். நான்கு இன்னிங்ஸிலும் முந்நூறுக்குக் குறையாத ஆட்டம். நின்று ஆடி, விடாமல் ஆடி வாங்கிய கோப்பை அது.

இரண்டாவது 1988-ல், சேப்பாக்கத்தில், ரயில்வேஸுக்கு எதிராக. இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசம். கேப்டன் எஸ். வாசுதேவன். இந்தியாவுக்காக ஒரு முறைகூட ஆட வாய்ப்புக் கிடைக்காத இடதுகைச் சுழல் வீரர். அவர் கையில் கோப்பை இருந்த அந்த நாளோடு சரி. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று 37 வயது.

நடுவே, 1973-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. வெங்கட்ராகவன் நம் கேப்டன். அவரோடு வி.வி. குமார். இரண்டு பேரும் உலகத் தரமான சுழல் வீரர்கள். வந்தது அஜித் வாடேகரின் பம்பாய். 14 வருடமாகத் தொடர்ந்து கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த அணி. பந்து சுழலும் ஆடுகளம். முதலில் நம்மவர்கள் பம்பாயை 151-ல் மடக்கினார்கள். ஊரே கொண்டாடியிருக்கும். அதற்குப் பிறகு பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையில் எடுத்தார். 16 ரன் கொடுத்து 8 விக்கெட். நாம் 80-க்கு ஆல் அவுட். பம்பாயை இரண்டாவது முறை 113-ல் சுருட்டினோம். இன்னும் வாய்ப்பு இருந்தது. சிவால்கர் மறுபடியும் 18 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். நாம் 61. மூன்றாம் நாள் காலையில் வீசிய முதல் பந்திலேயே கதை முடிந்தது. ஐந்து நாள் ஆட்டம் பார்க்கலாம் என்று கட்டுச்சோற்றோடு வந்தவர்கள் ஒரே பந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பம்பாயின் அந்தத் தொடர் வெற்றி 15 வருடம் ஆயிற்று. அதை உடைத்தது யார்? அடுத்த வருடமே, 1973-74-ல், கர்நாடகம். பிரசன்னாவின் தலைமையில் அரையிறுதியில் பம்பாயை வெளியேற்றி, இறுதியில் ராஜஸ்தானை வீழ்த்தி, முதல் முறையாகக் கோப்பை வாங்கினார்கள். நம்மைப் போலவே அவர்களுடைய பலமும் சுழல்தான்: பிரசன்னாவும் சந்திரசேகரும். ஆனால் அவர்களிடம் விஸ்வநாத் இருந்தார், பிரிஜேஷ் பட்டேல் இருந்தார். எடுத்த விக்கெட்டுகளுக்கு ஈடாக ரன் குவிக்க ஆள் இருந்தது. நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெருமை பக்கத்து வீட்டுக்குப் போன அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனை பேர்! வெங்கட்ராகவன் இந்தியாவின் கேப்டனாக இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடினார்; ரஞ்சிக் கோப்பையைத் தூக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக நூறு ரஞ்சி ஆட்டங்களை ஆடியவர் எஸ். சரத், அவருக்கும் இல்லை. பத்ரிநாத், முரளி விஜய், தினேஷ் கார்த்திக், யாருக்கும் இல்லை. அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டில் 537 விக்கெட். உலகம் முழுக்கச் சுற்றிவந்து எடுத்த விக்கெட்டுகள். தன் சொந்த மாநிலத்துக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுக்க அவராலும் முடியவில்லை.

நமக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை வாங்கியிருக்கிறோம், அதில் ஒன்று உத்தரப் பிரதேசத்தோடு பகிர்ந்தது. 2022-ல் ஜெகதீசன் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்து உலக சாதனை செய்தார். சையது முஷ்டாக் அலி டி20 கோப்பை மூன்று முறை. 2021 நவம்பரில் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் ஷாருக் கான் அடித்த சிக்ஸரை இங்கே பாதிப் பேர் செல்போனில் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். ஒரு மாலையில் முடிகிற ஆட்டத்தில் நம்மை அசைக்க ஆளில்லை. நான்கைந்து நாள் நீள்கிற ஆட்டத்தில்தான் இடறுகிறோம். எங்கே இடறுகிறோம்?

மூன்று நாக்-அவுட் ஆட்டங்களைச் சொல்கிறேன். முதல் இன்னிங்ஸ் ரன்னை மட்டும் கேளுங்கள். 2015 மார்ச், மும்பை வான்கடே, இறுதிப் போட்டி, கர்நாடகம்: நாம் 134. அவர்கள் 762, கருண் நாயர் ஒருவரே 328. இன்னிங்ஸும் 217 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றோம். 2024 மார்ச், மும்பை பாந்த்ரா, அரையிறுதி, மும்பை: டாஸ் ஜெயித்துப் பேட்டிங் எடுத்தோம், 42 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போயிற்று, மொத்தம் 146. 2025 பிப்ரவரி, நாக்பூர், காலிறுதி, விதர்பா: அவர்கள் 353, நாம் 225. அங்கேயும் சதம் அடித்தவர் அதே கருண் நாயர், அந்த வருடம் விதர்பாவுக்காக. 198 ரன்னில் தோல்வி.

தறி ஓடுகிற இந்த ஊரில் இதை விளக்க நான் மெனக்கெட வேண்டியதில்லை. பாவு சரியாக ஏறாத தறியில் எப்பேர்ப்பட்ட கைக்காரர் உட்கார்ந்து நாடா ஓட்டினாலும் சேலை நேராக வராது. முதல் இன்னிங்ஸ்தான் பாவு. அது கோணிவிட்டால் பிறகு எவ்வளவு திறமை காட்டியும் பயனில்லை. பாந்த்ரா ஆட்டத்தையே பாருங்கள். 146-க்கு ஆட்டமிழந்த பிறகும் கேப்டன் சாய் கிஷோர் விடவில்லை. ஆறு விக்கெட் எடுத்தார். மும்பை 106-க்கு ஏழு விக்கெட் இழந்து நின்றது. அந்த இடத்தில் நம் கணக்கில் இன்னும் ஒரு நூறு ரன் இருந்திருந்தால்? ஷர்துல் தாகூர் வந்து 109 அடித்தார், தனுஷ் கோட்டியன் 89. மும்பை 378. நாம் மறுபடி 162-ல் முடிந்தோம். அந்த சீசனில் இந்தியா முழுவதிலும் அதிக விக்கெட் எடுத்தவர் சாய் கிஷோர்தான், 53. அவ்வளவு உழைத்தவருக்குக் கிடைத்தது அரையிறுதித் தோல்வி. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேப்பாக்கத்திலேயே நடந்த 2012 இறுதிப் போட்டி வேறு மாதிரி. ராஜஸ்தான் முதலில் ஆடி 621 குவித்தது. வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் 257. கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம் களத்தில் நின்றார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையை வைத்தே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு முன்னோ பின்னோ பெரிய பெயர் கிடையாது. ஆனால் ஆட்டத்தின் முதல் இரண்டு நாள் முழுக்க விக்கெட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். நம் அணியில் அப்படி ஒருவர் வேண்டும்.

வான்கடே, பாந்த்ரா, நாக்பூர் என்று நாம் விழுந்த இடங்களில் முதல் நாள் காலையில் பந்து சீமில் பட்டு அசையும். அந்தப் பந்தை நம் பையன்கள் சின்ன வயதிலிருந்து போதுமான அளவு சந்திப்பதில்லை என்பது என் எண்ணம். நம் மண் சுழலுக்கு வாகானது. ராம்சிங், வி.வி. குமார், வெங்கட்ராகவன், வாசுதேவன், அஸ்வின், சாய் கிஷோர் என்று அந்த வரிசை அறுபடவே இல்லை. வேகப்பந்தில் அப்படி ஒரு வரிசை உண்டா? அந்தக் காலத்தில் எம்.ஜே. கோபாலன், ரங்காச்சாரி. பிறகு டி.ஏ. சேகர், பரத் அருண், பாலாஜி, நடராஜன். நடுநடுவே நீண்ட இடைவெளி. இத்தனைக்கும் 1987-ல் டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளியைத் தொடங்கியது சென்னையில்தான். ஸ்ரீநாத் அங்கே படித்தார், ஜாகீர் கான் அங்கே படித்தார். நாட்டுக்கே வேகப்பந்து சொல்லிக்கொடுத்த ஊர் இது. வலையில் தினமும் அப்படிப்பட்ட பந்தைச் சந்தித்தால்தானே மட்டை பழகும்? வேகப்பந்து வீச்சாளர் கிடைத்தால் எதிராளியின் விக்கெட் மட்டும் விழும் என்று நினைக்காதீர்கள். நம் பேட்டிங்கும் தேறும்.

அந்த வேகப்பந்து வீச்சாளர் எங்கிருந்து வருவார்? சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியைப் பாருங்கள். அங்கே பொதுக் களத்தில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர் நடராஜன். இருபது வயதுக்குப் பிறகுதான் சென்னை லீக்கில் நுழைந்தார். கீழ் டிவிஷனிலிருந்து படிப்படியாக ஏறி ஜாலி ரோவர்ஸ் அணி வரை வந்தார். 2020-21-ல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்து வீச்சாளராகப் போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். 2023-ல் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். ஒரு சின்னப்பம்பட்டியில் ஒருவர் இருந்தால், ஆரணியில் இருக்க மாட்டாரா? போளூரில், செங்கத்தில், தேவிகாபுரத்தில் இருக்க மாட்டாரா?

கோட்டை மைதானத்தில் சாயங்காலம் நம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். தோள் வலிமை இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. ஆனால் கார்க் பந்து இல்லை, டர்ஃப் பிட்ச் இல்லை. தமிழ்நாட்டில் கிரிக்கெட் என்றால் சென்னை லீக்தான் முதுகெலும்பு. இந்தியாவிலேயே பெயர்பெற்ற லீக், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது முழுக்கச் சென்னையில் நடக்கிறது. இங்கிருந்து ஒரு பையன் போக வேண்டும் என்றால் செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக பஸ் பிடித்துப் போய், அங்கே தங்க இடம் பார்த்து, ஒரு கிளப் கிடைத்து, அதற்கப்புறம்தான் பந்து வீச வேண்டும். தறியை நம்பி இருக்கிற வீட்டில் பதினேழு வயதுப் பையனின் இரண்டு கை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அவனை மூன்று வருடம் வெறும் நம்பிக்கையின் பேரில் அனுப்பிவைக்க எந்த அப்பாவால் முடியும்? வழி தெரியாமல் அவன் நின்றுவிடுகிறான்.

நிலைமை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் நத்தம், சேலம் பக்கம் வாழப்பாடி, இங்கெல்லாம் நல்ல மைதானங்கள் வந்துவிட்டன. ரஞ்சி ஆட்டங்களே அங்கே நடக்கின்றன. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் மாவட்டத்துப் பையன்களை டிவியில் காட்டியது. நம் வட்டாரத்துக்கும் அப்படி ஒரு மைதானம் வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். அதைக் கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இவ்வளவு தோல்வியைப் பார்த்த பிறகும் எப்படி நம்பிக்கை வைக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அணி 1918-ல் கோப்பை வாங்கியது. பிறகு தன் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. அடுத்த கோப்பை 2004-ல்தான். 86 வருடம்! அந்த நட்சத்திரத்தின் சாபம் என்றே ஊர் பேசியது. சிகாகோ கப்ஸ் அதைவிட மோசம்: 1908-க்குப் பிறகு 2016. ஒவ்வொரு வசந்தத்திலும் புது சீசன் தொடங்கும்போது தாத்தாவும் பேரனும் இந்த வருடம் நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். பார்க்காமலே போய்ச்சேர்ந்த தலைமுறைகள் உண்டு. இரண்டு அணிகளையும் கரை சேர்த்த நிர்வாகி ஒரே ஆள், தியோ எப்ஸ்டீன். அவர் சாபம் கழிக்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தேடும் முறையை மாற்றினார், மற்றவர்கள் கண்ணில் படாதவர்களைக் கண்டெடுத்தார், இளம் பிள்ளைகளை வளர்த்தார், பொறுத்திருந்தார். நம் நாட்டிலும் இதே பத்து வருடத்தில் குஜராத், விதர்பா, சௌராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் முதல் முறையாக ரஞ்சிக் கோப்பை வாங்கிவிட்டன. கேரளம் முதல் முறையாக இறுதிக்கு வந்துவிட்டது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இந்த வருடத்துக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கை தருகிறவர்கள் இருக்கிறார்கள். குர்ஜப்னீத் சிங், உயரமான இடதுகை வேகப்பந்து வீச்சாளர். பஞ்சாபில் பிறந்து சென்னைக்கு வந்து நம்மவர் ஆனவர். போன வருடம் முதல் ஆட்டத்திலேயே கோயம்புத்தூரில் சௌராஷ்டிராவின் ஆறு விக்கெட்டை 22 ரன்னுக்குச் சாய்த்தார். புஜாராவைப் பூஜ்யத்தில் அனுப்பினார். நான் தேடுகிற ஆள் இவராக இருக்கலாம். ஆந்த்ரே சித்தார்த், பதினெட்டு வயதில் ரஞ்சிக்கு வந்து முதல் சீசனிலேயே அறுநூறு ரன்னைத் தாண்டினார். ஐந்தாவது ஆறாவது இடத்தில் இறங்கி, விக்கெட் சரிந்த நேரத்தில் அவசரப்படாமல் நிற்கிறார். எனக்கு அவரை மூன்றாவது இடத்தில் பார்க்க ஆசை. ஜெகதீசன், பாபா இந்திரஜித், பிரதோஷ், சாய் கிஷோர் என்று அனுபவம் இருக்கிறது.

கவலையும் உண்டு. சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் இப்போது இந்திய டெஸ்ட் அணியில். போன அக்டோபரில் டெல்லிக்கு எதிராக ஒருவர் 213, இன்னொருவர் 152 அடித்தார்கள். அந்த ஆட்டம் முடிவதற்குள் வாஷிங்டனுக்கு இந்திய அணியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. புனே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் ரஞ்சிக்கு இரண்டு தூண் குறைகிறது. விஜய் சங்கர் திரிபுராவுக்குப் போய்விட்டார். பாபா அபராஜித் போன வருடமே கேரளத்துக்குப் போனார். இந்த இடங்களை நிரப்ப வேண்டியவர்கள் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்.

நம் பிரிவில் எட்டு அணி. நான்கு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள்தான் காலிறுதிக்குப் போவார்கள். போன சீசனில் ஜாம்ஷெட்பூரில் நம்மை 44 ரன்னில் தோற்கடித்த ஜார்க்கண்ட் இதே பிரிவில். நாக்பூரில் நம்மை வெளியேற்றி, கோப்பையையும் வாங்கிய விதர்பாவும் இதே பிரிவில். எனக்கு அது சந்தோஷம். பட்ட கடனைச் சீசனின் தொடக்கத்திலேயே தீர்க்கலாம். ஜாம்ஷெட்பூரில் முதல் இன்னிங்ஸில் நாம் எடுத்தது 106. இந்த முறை முதல் இன்னிங்ஸில் 350. அதற்குக் குறையாமல் கேட்கிறேன்.

அந்தக் காலத்தில் தறி ஓடுகிற வீட்டில் ஜன்னலோரம் டிரான்சிஸ்டர் இருக்கும். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வரும். ஸ்கோர் சொல்லும் நேரத்தில் தறிச் சத்தம் நின்றுவிடும். இப்போது அது இல்லை. ஆனால் உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அக்டோபர் 15 புதன்கிழமை. காலை ஒன்பதரைக்கு முதல் பந்து. ஐ.பி.எல்-க்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசியைக் காட்டினால் போதும். உணவு இடைவேளையில் ஸ்கோர் என்ன என்று பாருங்கள். வசதிப்பட்டவர்கள் கோயம்புத்தூருக்கு வாருங்கள், நான் போகிறேன். ரஞ்சி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. பையன்களைக் கூட்டிவாருங்கள். குர்ஜப்னீத் ஓடிவருவதை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் பார்க்கட்டும்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். மஞ்சள் சட்டைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவர் கேட்கட்டும்.